ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளும் கியூபெக் யுத்தமும்

விமி மேட்டைக் கனடா படை பிடித்தது எந்த ஆண்டு? 1812 யுத்தத்தில் குவீன்ஸ்டன் ஹைட்ஸில் உயிர்விட்ட தளபதி யார்? ஜூனோ கடற்கரையில் கனடா வீரர்கள் இறங்கியது எதற்காக? டொரன்டோ பக்கம் வேலை பார்க்கும் திருச்சிப் பிள்ளைகள் பலர், குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் இந்த மாதிரிக் கேள்விகளோடு உட்காருகிறார்கள். பி.ஆர். எனும் நிரந்தர வசிப்புரிமை வாங்கி, ஐந்து ஆண்டுகளுக்குள் 1,095 நாள் அந்த மண்ணில் இருந்தாயிற்று; அடுத்தது சிட்டிசன்ஷிப் டெஸ்ட். அரசமைப்பு, மாகாணங்கள், தேர்தல் முறையெல்லாம் எப்படியோ மனதில் நின்றுவிடுகின்றன. யுத்த அத்தியாயம் வந்ததும்தான் பலருக்குப் படிப்பு நின்றுபோகிறது.

தேர்வு பெரிய மலை ஒன்றும் இல்லை. 20 கேள்விகள், 45 நிமிடம், 15 சரியாக இருந்தால் தேர்ச்சி. 18 முதல் 54 வயது வரை உள்ளவர்கள்தான் எழுத வேண்டும். மகனோடு போய்த் தங்கிவிட்ட அறுபது வயது அப்பா அம்மாவுக்குத் தேர்வு கிடையாது. கேள்விகள் எல்லாம் ‘டிஸ்கவர் கனடா’ என்ற அரசு நூலிலிருந்தே வருகின்றன. அது இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த நூலில் யுத்தம் இத்தனை இடம் பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. 1995 முதல் புழங்கிய பழைய வழிகாட்டியில் ராணுவ வரலாறு மிகக் குறைவு. 2009இல் குடியேற்ற அமைச்சராக இருந்த ஜேசன் கென்னி காலத்தில் புதிய நூல் வந்தபோது படைகளும் பதக்கங்களும் நினைவு நாளும் முன்னுக்கு வந்தன. கனடாவைப் போர்வீரர் நாடாகக் காட்டப் பார்க்கிறார்கள் என்று இயன் மெக்கே, ஜேமி ஸ்விஃப்ட் இருவரும் 2012இல் ஒரு தனிப் புத்தகமே எழுதினார்கள். அவர்கள் குறையில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நவம்பர் 11 நினைவு நாளன்று அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் சட்டையில் சிவப்புப் பாப்பிப் பூ குத்திக்கொண்டு வருவது எதனால் என்று தெரியாமல் ஒருவர் அந்த நாட்டின் குடிமகனாவதும் சரியில்லை. முதல் உலகப் போரில் ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட கனடியர் பணியாற்றி, அறுபதாயிரம் பேர் மாண்டார்கள் என்கிறது அந்த நூல். 1917 ஏப்ரலில் விமியில் மட்டும் மாண்டவரும் காயம்பட்டவருமாகப் பத்தாயிரம் பேர். அன்றைய கனடாவின் மக்கள்தொகை ஒரு கோடிக்கும் கீழே என்று சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்களின் கனம் தெரியும்.

யுத்த அத்தியாயம் மண்டையில் ஏறாததற்கு ஞாபக சக்தியைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தச் சண்டைகளை எங்கோ யாருக்கோ நடந்ததாகப் படிக்கிறோம். ஆனால் நூலின் தொடக்கத்தில் வரும் பெரிய சண்டை, 1759இல் கியூபெக் நகருக்கு வெளியே ஏப்ரகாம் சமவெளியில் நடந்தது, நம் காவிரிக் கரையில் ஆரம்பித்த ஒரு பகையின் இன்னொரு முனை.

1751இல் திருச்சிக் கோட்டைக்குள் முகமது அலி. அவருக்குப் பின்னால் ஆங்கிலேயர். வெளியே முற்றுகை போட்டிருந்தவர் சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் புதுச்சேரியிலிருந்து ஆளுநர் டூப்ளே அனுப்பிய பிரெஞ்சுப் படை. ஐரோப்பாவில் அப்போது இரு நாடுகளுக்கும் சமாதானம். இங்கே மட்டும் ஆற்காட்டு நவாப் பதவியைச் சாக்கிட்டுச் சண்டை. 1752 வசந்தத்தில் ஆங்கிலத் தளபதிகள் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸும் ராபர்ட் கிளைவும் திருச்சிக்கு வந்து சேர்ந்ததும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா தென்கரையை விட்டுக் காவிரியைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் போனார். ரங்கநாதர் கோயிலின் வெளி மதில்கள் அவருக்குக் கோட்டையாகத் தெரிந்தன. திருவானைக்காவலிலும் படை நின்றது.

ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் இதில் உள்ள ஆபத்து உடனே புரியும். தெற்கே காவிரி, வடக்கே கொள்ளிடம். இரண்டு கரையையும் எதிரி பிடித்துவிட்டால் தீவுக்குள் அரிசி வராது. லாரன்ஸ் தென்கரையில் நின்றார். கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் முகாமிட்டு, புதுச்சேரிச் சாலையை அடைத்தார். உதவிக்கு வந்த பிரெஞ்சுப் படை ஊட்டத்தூருக்கு இப்பால் வரமுடியாமல் பின்வாங்கி, வாலிகண்டபுரத்தில் சரணடைந்தது. ஜூனில் லாவும் சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியை நம்பிப் போன சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது. மறு ஆண்டு மைசூர்ப் படையும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்து மறுபடி திருச்சியை நெருக்கினார்கள். இன்று ரயில்வே பணிமனையால் அறியப்படும் பொன்மலையில் 1753 கோடையில் கடும் சண்டை நடந்தது. 1754இல் டூப்ளேயைப் பாரீஸ் திருப்பி அழைத்துக்கொண்டது.

இதைத் தெரிந்துகொண்டு ‘டிஸ்கவர் கனடா’வின் 1759க்கு வாருங்கள். ஆங்கிலேயப் படை செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் வழியே வந்து கியூபெக்கை மடக்கியது. சமவெளியில் ஆங்கிலேயத் தளபதி உல்ஃப், பிரெஞ்சுத் தளபதி மோன்கால்ம் இருவரும் மாண்டார்கள். 1760 ஜனவரியில் வந்தவாசியில் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் மான்ட்ரியல் சரணடைந்தது. 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. கடலில் ஆங்கிலக் கப்பற்படை ஓங்கியிருந்ததால் இரண்டு இடத்திலும் பிரெஞ்சுக்காரருக்கு ஆளும் தளவாடமும் வந்து சேரவில்லை. 1763 பாரீஸ் உடன்படிக்கையின்படி கனடா ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று, புதுச்சேரி பிரான்ஸுக்குத் திரும்பி வந்தது. ஒரே காகிதம், ஒரே கையெழுத்துகள். இந்த வரிசை ஒருமுறை மனதில் விழுந்துவிட்டால், கியூபெக்கில் ஏன் இன்றும் பிரெஞ்சு பேசுகிறார்கள், 1774இல் கியூபெக் சட்டம் கத்தோலிக்கருக்கு ஏன் சலுகை தந்தது என்பதெல்லாம் தானாகவே நிற்கும். தேதிகளைத் தனித்தனியே உருப்போட வேண்டியதில்லை.

பிரிட்டனின் ‘லைஃப் இன் த யுகே’ தேர்வு எழுதுவோருக்கும் இதே வழி உதவும். அங்கே 45 நிமிடத்தில் 24 கேள்விகள், 18 சரியாக வேண்டும். டிரஃபால்கர் 1805, வாட்டர்லூ 1815, சோம் 1916 என்று அந்த நூலில் யுத்தம் தாராளமாக உண்டு. முதல் உலகப் போரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் பிரிட்டனுக்காகப் போரிட்டு, சுமார் நாற்பதாயிரம் பேர் மாண்டதாக அதில் ஒரு வாக்கியம் வருகிறது. அந்த ஒரு வாக்கியத்தோடு விட்டுவிடக் கூடாது. ஆஸ்திரேலியத் தேர்வுக்குப் படிப்பவர்கள் ஏப்ரல் 25, அன்சாக் நாளைக் கட்டாயம் சந்திப்பார்கள். 1915இல் அன்றுதான் கலிப்பொலியில் படைகள் இறங்கின. ஆஸ்திரேலியர், நியூசிலாந்துக்காரரோடு இந்திய மலைப் பீரங்கிப் படையும் இறங்கியது. 1941 டிசம்பரில் ஹாங்காங்கைக் காக்கக் கனடாவின் இரண்டு பட்டாலியன்கள் நின்றபோது, பக்கத்திலேயே ராஜ்புத், பஞ்சாப் ரெஜிமென்ட் வீரர்களும் நின்றார்கள். தேர்வு நூல்கள் இவர்களைப் பற்றி வாய் திறப்பது குறைவு. படிக்கிறவர்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லியாக வேண்டும். மெயின் கார்டு கேட் வழியாக தினமும் பஸ்ஸில் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அது முற்றுகை கண்ட கோட்டையின் மிச்சம் என்று தெரியும்? 1801 ஜூனில் சின்ன மருதுவின் அறிக்கை, வெள்ளையரை எதிர்த்து எழும்படி எல்லாச் சாதியாரையும் அழைத்து, திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. அந்த மதிலைத் தாண்டித்தான் மார்கழியில் சொர்க்கவாசலுக்கு வரிசை நகர்கிறது. கார்கில் போரில் 1999 மே மாதம் பட்டாலிக்கில் உயிர்நீத்து வீர் சக்ரா பெற்ற மேஜர் சரவணன் திருச்சிக்காரர். இதையெல்லாம் கேட்கிற தேர்வு எதையும் நாம் எழுதியதில்லை. பரீட்சை பயத்தில்தான் கனடாவின் வரலாற்றையாவது படிக்கிறோம் என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

விண்ணப்பிக்கும் முன் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பி ஏற்கிற அன்றே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைத்துச் சான்று வாங்க வேண்டும். அதன் பிறகு ஓ.சி.ஐ. அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த அட்டையில் விசா இல்லாமல் வந்து போகலாம், ஓட்டு கிடையாது.

டொரன்டோவிலிருந்து பிள்ளைகளோடு லீவுக்கு வருகிறவர்கள் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்கலாம். பொன்மலை, மெயின் கார்டு கேட், கிளைவ் தங்கியதாகச் சொல்லப்படும் தெப்பக்குளத்துக் கட்டடம், காந்தி மார்க்கெட்டில் முதல் உலகப் போருக்குப் போனவர்களுக்கான நினைவுச் சின்னம் நான்கையும் அரை நாளில் பார்த்துவிடலாம். மார்க்கெட்டுக்கு மட்டும் காலை வியாபாரம் தணிந்த பிறகு போவது நல்லது. லாரிகளும் மூட்டைகளும் நகர்ந்தால்தான் பக்கத்தில் நின்று பார்க்க முடியும்.