பாரவண்டியின் பின் அச்சுப் பல் விகிதமும் எஞ்சின் வேகமும்

குடியாத்தத்தினின்று புறப்படும் ஒரு சிறு பாரவண்டிக்கு இருவகைச் சாலைகள் வாய்த்திருக்கின்றன. பள்ளிகொண்டாவை அடைந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் கிழக்கு நோக்கித் திரும்பிவிட்டால், வேலூர் வழியாகக் கோயம்பேடு மார்க்கெட்டு வரையில் பெரும்பாலும் சமதரையே. மேற்கிலும் வடக்கிலுமோ, கவுண்டன்ய நதி இறங்கிவரும் மலைகள் குறுக்கே நிற்கின்றன. வி. கோட்டா சந்தைக்குச் செல்ல வேண்டுவோர் பேரணாம்பட்டைக் கடந்து பத்தலப்பல்லி மலைப்பாதையின் வளைவுகளில் ஏறியாகவேண்டும். பலமநேருக்குச் செல்வோருக்கும் ஏற்றம் தப்பாது. தக்காளியும் தேங்காயும் மாங்காயும், பேரணாம்பட்டு, ஆம்பூர்த் தோல் ஷாப்புகளுக்கான உப்பிட்ட ஈரத்தோலும் இவ்விருவகைச் சாலைகளிலும் பிக்-அப் வண்டிகளிலேயே போகின்றன.

இவ்வண்டிகளைக் கடன் பெற்று வாங்கும் விவசாயி, விலையை விசாரிக்கிறார். மாதத் தவணையை விசாரிக்கிறார். எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி என்றும் கேட்டறிகிறார். பின் அச்சின் பல் விகிதம் யாது என்று கேட்பவர் மிக அரியர். ஆயினும், அவ்வண்டி மலையில் திணறுமா, நெடுஞ்சாலையில் வீணாக இரைந்து டீசலைக் குடிக்குமா, இறக்கத்தில் கைக்கு அடங்கி வருமா என்பவற்றைப் பெரும்பாலும் நிர்ணயிப்பது அந்த ஒரு எண்ணேயாகும்.

பின் அச்சின் நடுவில் பூசணிக்காய்போல் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டினுள் இரண்டு பல் சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையிலுள்ள சிறியது பினியன் எனப்படும். அது சுழற்றும் பெரியதைக் கிரவுன் என்று பட்டறைகளில் வழங்குகின்றனர். கிரவுனின் பற்களைப் பினியனின் பற்களால் வகுத்தால் வரும் ஈவே பல் விகிதம். கிரவுனில் 39 பற்களும் பினியனில் 8 பற்களும் இருப்பின், விகிதம் 4.875 ஆகும், அதாவது சக்கரம் ஒருமுறை சுழலத் தண்டு ஏறத்தாழ ஐந்து முறை சுழலவேண்டும். சக்கரத்தின் வேகம் எவ்வளவு மடங்கு குறைகிறதோ, அதன் முறுக்குபலம் அவ்வளவு மடங்கு பெருகுகிறது. உராய்விற் சிறிது கழியும். சைக்கிளின் பின்சக்கரத்தில் பெரிய பல் சக்கரத்தைப் பொருத்தினால் மேட்டில் மிதிப்பது எளிதாவதும், சமதரையில் கால்கள் பரபரவென்று சுழலவேண்டியிருப்பதும் இதே நியாயத்தால்தான்.

39-க்கும் 8-க்கும் பொது வகுஎண் இல்லாதவாறு அமைத்திருப்பது தற்செயலன்று. 40 பற்களும் 8 பற்களும் இருந்தால், பினியனின் ஒவ்வொரு பல்லும் எந்நாளும் கிரவுனின் அதே ஐந்து பற்களையே சந்தித்துக்கொண்டிருக்கும். ஒரு பல்லிலுள்ள குறை அவ்வைந்தையும் அரித்துவிடும். 39-ஆக இருக்கையில் எல்லாப் பற்களும் முறைவைத்து ஒன்றையொன்று சந்திக்கின்றன. தேய்மானம் சமமாகப் பரவுகிறது.

பாரத்திற்கு ஒரு விகிதமும் வேகத்திற்கு ஒரு விகிதமும் வேண்டும் என்பதை மோட்டார் உற்பத்தியாளர் ஆதியிலேயே கண்டுகொண்டனர். 1908-இல் வெளிவந்த ஃபோர்டு டி மாதிரிக் காரின் பின் அச்சில் கிரவுனுக்கு 40 பற்களும் பினியனுக்கு 11 பற்களும் இருந்தன, விகிதம் 3.64. அதே 20 குதிரைசக்தி எஞ்சினைக் கொண்டே 1917-இல் ஒரு டன் பாரம் ஏற்றும் டிடி மாதிரி லாரியைச் செய்தபோது, அதன் விகிதத்தை 7.25 ஆக உயர்த்தினர். எஞ்சின் மாறவில்லை, லாரி காரின் வேகத்தில் ஏறத்தாழப் பாதியைக் கைவிட்டு, அதற்கு ஈடாகப் பாரம் இழுக்கும் பலத்தைப் பெற்றது. விரைவாய்ச் செல்ல விரும்பியவர்களுக்கு 5.17 விகிதமும் கிடைத்தது.

விவசாயிகளுக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் ஜீப் வண்டி. இரண்டாம் உலக யுத்தத்தில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் அச்சு விகிதம் 4.88. யுத்தம் முடிந்த 1945-இல் அதே கம்பெனியார் உழவு, இழுவை முதலிய பண்ணை வேலைகளை உத்தேசித்து வெளியிட்ட சிஜே-2ஏ என்ற ஜீப்பில், அதனை 43-க்கு 8, அதாவது 5.38 ஆக உயர்த்தினர். பண்ணைக்கு வேகத்தைவிட இழுப்பே முக்கியம் என்று அவர்கள் கருதியது தெளிவு. 1947 முதல் பம்பாயில் மஹிந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டி விற்கத் தொடங்கினர். இந்நாளில் கிராமங்களில் பெருகியுள்ள பிக்-அப் வண்டிகளில் கணிசமானவை அக்கம்பெனியின் தயாரிப்புகளே.

எஞ்சின் வேகத்தைக் கணக்கிடுவது கடினமன்று. மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிஷத்திற்கு 1,000 மீட்டர். பிக்-அப் வண்டியின் டயர் ஒருமுறை உருளும்போது ஏறத்தாழ 2.2 மீட்டர் செல்லுமாயின், நிமிஷத்திற்குச் சுமார் 455 முறை உருளவேண்டும். எஞ்சினும் தண்டும் ஒரே வேகத்தில் சுழலும் நேர் கியரில், இவ்வெண்ணை அச்சு விகிதத்தாற் பெருக்கினால் எஞ்சின் வேகம் கிடைக்கும். 4.1 விகிதத்திற்கு ஏறத்தாழ 1,865 சுற்று, 4.875-க்கு 2,215, 5.375-க்கு 2,445. மணிக்கு 80 கிலோமீட்டரில் இவை முறையே 2,485, 2,955, 3,255 ஆகின்றன.

இவ்வெண்களின் பொருள், டீசல் எஞ்சினின் சுபாவத்தை அறிந்தாலன்றி விளங்காது. சிறு பாரவண்டிகளில் பயன்படும் டீசல் எஞ்சின்கள் பல, நிமிஷத்திற்கு 3,200 சுற்றை ஒட்டியே தமது முழுக் குதிரைசக்தியைத் தருகின்றன. 2005-இல் வெளிவந்த டாடா ஏஸ் வண்டியின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சின் 16 குதிரைசக்தியைத் தந்தது இந்த 3,200 சுற்றில்தான். ஆனால் இழுக்கும் முறுக்குபலமோ அதற்கு வெகுவாகக் கீழே, 2,000 சுற்றை ஒட்டியே உச்சத்தை அடைகிறது. அவ்வேகத்தை ஒட்டி ஓட்டுகையில் டீசல் சிக்கனமும் பெரும்பாலும் நன்கு அமையும். ஆகவே 5.375 விகிதமுள்ள வண்டியை நேர் கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர் ஓட்டுபவர், எஞ்சினை அதன் எல்லையிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். ஐந்தாவது கியர் 0.8 போன்ற விகிதமுள்ள ஓவர்டிரைவாக இருப்பின் இக்குறை பெரிதும் நீங்கும், 4.875 அச்சுடன் 80 கிலோமீட்டரில் எஞ்சின் சுமார் 2,365 சுற்றிலேயே அமைதியாக ஓடும்.

இனி மலைப்பாதைக்கு வருவோம். வண்டியும் பாரமும் சேர்ந்து 3,000 கிலோகிராம் என்றும், 15 அடி சென்றால் 1 அடி ஏறும் சரிவு என்றும் கொள்க. பின்னுக்கு இழுக்கும் பளு 200 கிலோகிராம். டயர் உருளும் தடைக்கு இன்னும் 50 கூட்டினால் 250. டயரின் ஆரம் 0.35 மீட்டர் ஆகையால், சக்கரத்தில் வேண்டிய முறுக்குபலம் 87.5 கிலோகிராம்-மீட்டர். எஞ்சின் 20 கிலோகிராம்-மீட்டர் தருவதாகவும், பத்திலொரு பங்கு உராய்வில் கழிவதாகவும் கொண்டால், 4.1 விகித அச்சு நேர் கியரில் சக்கரத்திற்குச் சேர்ப்பது 74 மட்டுமே. வண்டி ஏறாது, கியரைக் குறைத்தே தீரவேண்டும். 4.875 அச்சு தருவது 87.8, மயிரிழையில் ஒப்பேறும். 5.375 அச்சு 96.8 தந்து, சற்று மிச்சமும் வைத்திருக்கும்.

கியரைக் குறைப்பதால் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. ஆயினும், உயர்ந்த கியரிலேயே முக்கி முனகி ஏறினால் டீசல் மிச்சமாகும் என்ற எண்ணம் ஓட்டுநர்களிடையே பரவியிருக்கிறது. இது பெருந்தவறு. 1,000 சுற்றுக்கும் கீழே எஞ்சின் இறங்கியிருக்கையில் ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தால், டீசல் முற்றும் எரியாமல் கரும்புகையாய்ப் போகிறது. தண்ணீர்ப் பம்பும் விசிறியும் மெதுவாகச் சுழல்வதால் எஞ்சின் சூடேறுகிறது. பேரிங்குகளுக்கு இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் மெலிந்து உலோகம் உலோகத்தோடு உரசத் தலைப்படுகிறது. மிச்சப்பட்டதாகத் தோன்றும் டீசலின் விலை, பின்னர் எஞ்சினைப் பிரிக்கும்போது பன்மடங்காக வசூலாகிவிடும்.

ஏற்றத்தைவிட இறக்கமே அதிக ஜாக்கிரதைக்கு உரியது. ஆக்ஸிலேட்டரை விட்டவுடன் எஞ்சின் தன் தடையால் வண்டியைப் பின்னுக்கு இழுக்கிறதன்றோ? அத்தடையும் அச்சு விகிதத்தின் அளவாகவே சக்கரத்தில் பெருகுகிறது. 4.1 விகிதமுள்ள வண்டி அதே கியரில் தரும் தடையைவிட 5.375 விகிதமுள்ளது மூன்றிலொரு பங்கு அதிகம் தரும். தக்காளிக் கூடைகளை நிரப்பிக்கொண்டு பத்தலப்பல்லி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது உயிர்காக்கும் விஷயம். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் அதன் லைனிங் காய்ந்து பிடிப்பிழந்துவிடும். ஏறுவதற்கு எந்தக் கியர் வேண்டியிருந்ததோ அதே கியரில் இறங்குவது பழைய நல்வழக்கம். நியூட்ரலில் விட்டு உருட்டுவது ஆபத்து என்பதோடு, தற்கால எஞ்சின்களில் சிக்கனமும் அன்று. கியரில் இறங்கும்போது கணினிக் கட்டுப்பாடு டீசலை அறவே நிறுத்திவிடுகிறது, நியூட்ரலிலோ எஞ்சின் தன்னை ஓட்டிக்கொள்ள டீசல் வேண்டியிருக்கிறது.

பழைய வண்டி வாங்குவோர் அதன் விகிதத்தைத் தாமே கண்டுகொள்ளலாம். ஹேண்ட் பிரேக் பொதுவாகப் பின் சக்கரங்களையே பிடிப்பதால், சோதனையின்போது அதை விடுவிக்கவேண்டும். ஆகையால் முதலில் சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் கொடுத்தல் அவசியம். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, அச்சின் அடியில் உறுதியான ஸ்டாண்டு வைத்து, கியரை நியூட்ரலில் விடுக. தண்டிலும் டயரிலும் சுண்ணாம்பால் கோடிட்டு, தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுக. மற்றொரு சக்கரம் தரையில் நிற்பதால், டிபரன்ஷியலின் அமைப்பின்படி இவ்விரண்டு சுற்றும் கிரவுனின் ஒரு சுற்றுக்குச் சமம். அதற்குள் தண்டு சுற்றிய எண்ணிக்கையே விகிதம். நான்கு சுற்றுக்குச் சற்றே அதிகமானால் 4.1-ஐ ஒட்டியது, ஐந்துக்குச் சற்றே குறைந்தால் 4.875.

பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தோன்றும் என்று மாற்றிவிடுவோர், தம்மை அறியாமலே பல் விகிதத்தை மாற்றுகின்றனர். டயரின் விட்டம் பத்தில் ஒரு பங்கு பெருத்தால் இழுக்கும் பலம் ஏறத்தாழ அதே அளவு குறைகிறது. சக்கரத்தின் சுழற்சியை எண்ணும் வேகமானியும் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும்.

கிரவுனையும் பினியனையும் வேறு விகிதத்திற்கு மாற்ற விரும்புவோர் சிலர் உண்டு. இரண்டும் ஜோடியாகவே உரசிப் பொருத்தப்பட்டவை. ஒன்றை மாத்திரம் மாற்றினால் சில மாதங்களில் ஊளையிடத் தொடங்கும். பல்லிடை இடைவெளியை ஷிம் தகடுகளால் சரிசெய்து, பற்களில் சாயம் தடவிப் பதிவு பார்க்கத் தெரிந்த மேஸ்திரியிடமன்றி இவ்வேலையை ஒப்படைக்கலாகாது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியாயின் முன் அச்சையும் அதே விகிதத்திற்கு மாற்றவேண்டும். இல்லையேல் இரு அச்சுகளும் ஒன்றையொன்று முறுக்கி உடையும். உள்ளதைக் கொண்டு கியரை அறிந்து ஓட்டுவதே பெரும்பாலோருக்கு லாபம். புதிதாக வாங்குவோர், மாதத்தில் பெரும்பாலான நாள் கோயம்பேட்டுக்கா, மலைமேல் சந்தைக்கா தம் வண்டி போகும் என்பதை முதலில் முடிவுசெய்துகொண்டு, அதற்கேற்ற விகிதமுடைய மாதிரியைக் கேட்டு வாங்கலாம்.

விகிதம் உயர்ந்திருக்கிறது என்பதற்காகப் பாரத்தைக் கூட்டுவதற்கு இடமில்லை. இழுக்கும் பலம் கூடினாலும் வில்லும் பிரேக்கும் டயரும் அச்சுக்குழாயும் பழையனவே. ஈரத்தோல் ஏற்றுவோர் இதனை விசேஷமாய்க் கவனிக்கவேண்டும்; பார்வைக்குச் சிறிய அடுக்கே தண்ணீரும் உப்புமாகப் பெரும்பளு ஆகிவிடும், வடியும் உப்புநீர் வில்லுத் தகடுகளையும் அரிக்கும். 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிகப் பாரத்திற்கு 20,000 ரூபாயும், அதிகமான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஒரு நடைக்குக் கிடைக்கும் வாடகையோடு இத்தொகையை ஒப்பிட்டுப் பார்க்க.