விரைவின் இருமடி

பின்லாந்தின் தலைநகரான எல்சிங்கியில் 2024 சூலை தொடங்கி ஓராண்டுக் காலம், சாலை நேர்ச்சியில் ஓர் உயிரும் போகவில்லை. ஏறத்தாழ 7 இலக்கம் மக்கள் வாழும் நகரம் அது. 1980களில் ஆண்டுக்கு முப்பது பேர் வரை அதன் சாலைகளில் மாண்டனர். ஓராண்டின் சுழியில் நற்பேற்றுக்கும் பங்கிருக்கலாம். அடுத்த ஆண்டே அது கலையவும் கூடும். ஆனால் நாற்பது ஆண்டுகளாக இறங்கிவந்த இறப்புக் கோட்டை நற்பேறு வரைந்திருக்க இயலாது.

அந்நகரம் கைக்கொண்ட வழிகளுள் தலையாயது விரைவைக் குறைத்தது. குடியிருப்புத் தெருக்களிலும் நகர நடுவத்திலும் 2021 முதல் பெரும்பாலும் மணிக்கு 30 கிலோமீட்டரே வரம்பு. ஐம்பதுக்கும் முப்பதுக்கும் இருபதுதானே இடைவெளி என்று தோன்றும். இயற்பியலின் கணக்கோ வேறு. ஓடும் ஊர்தியின் இயக்க ஆற்றல் விரைவின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. ஆகவே ஐம்பதில் வரும் சீருந்து, முப்பதில் வருவதைவிட ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலைச் சுமந்து வருகிறது. மோதும் நொடியில் அவ்வாற்றல் எங்கேனும் செலவழிந்தாக வேண்டும். உள்ளே அமர்ந்தவரைக் காக்க நசுங்கிக்கொடுக்கும் முன்கூடும் இருக்கைப்பட்டையும் காற்றுப்பையும் உண்டு. நடப்பவர்க்கும் மிதிவண்டியில் செல்வோர்க்கும் எலும்பும் தோலுமே அரண்.

மோதாமல் நிற்பதிலும் இதே கணக்குத்தான். பதினான்கு மீட்டர் முன்னே ஒரு குழந்தை பந்தைத் துரத்திச் சாலைக்குள் ஓடிவருவதாகக் கொள்வோம். கண் கண்டதைக் கால் உணர்ந்து தடையை மிதிக்க ஒரு நொடி ஆகும். உலர்ந்த சாலையில் நொடிக்கு நொடி 7 மீட்டர் என விரைவு குறையும் என்போம். முப்பதில் வரும் ஊர்தி அந்த ஒரு நொடியில் 8.3 மீட்டர் கடந்து, மேலும் 5 மீட்டருக்குள் நின்றுவிடும். ஐம்பதில் வருவதோ அந்த ஒரு நொடியிலேயே 13.9 மீட்டரைக் கடந்துவிடும். முதல் ஊர்தி அசைவற்று நிற்கும் இடத்தை இரண்டாவது சற்றும் விரைவு குன்றாமல் தாண்டுகிறது. ஓட்டுநர் இருவரும் ஒரே அளவு விழிப்புடையவர் என்பதை மறத்தலாகாது.

மாந்தர் தவறவே செய்வர், அத்தவறு உயிரைப் பறிக்காதவாறு சாலையை அமைப்பது அமைப்போரின் கடன் என்னும் கொள்கையைச் சுவீடன் நாடாளுமன்றம் 1997இல் ஏற்றது. ஓட்டுநரைத் திட்டுவது எளிது. தெருவைத் திருத்துவதே பயன் தருவது. அகன்று நேராக ஓடும் சாலையில் எத்தனை பலகை நட்டாலும் கால் முடுக்கியையே அழுத்தும். தடத்தை ஒடுக்கி, நடைக்கடவையைச் சற்று மேடாக்கி, திருப்பத்தின் வளைவை இறுக்கினால், பலகையைப் படிக்காதவரும் மெல்லச் செல்வார். கடவையை ஒட்டி ஊர்திகளை நிறுத்தவிடாமல் செய்வதும் இவ்வகையினதே. அவற்றின் மறைவில் நிற்கும் சிறுவனின் தலை ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாது. அகன்ற சாலையின் நடுவே ஒரு திட்டு அமைந்தால், தளர்நடை முதியவர் பாதி கடந்து, நின்று, மறுபாதியைக் கடப்பார்.

காலம் வீணாகிறதே என்பார்க்கும் கணக்கு உண்டு. ஒரு கிலோமீட்டரை ஐம்பதில் 72 நொடியிலும், முப்பதில் 120 நொடியிலும் கடக்கலாம். இழப்பு 48 நொடி. அதுவும் இடையில் நிற்காமலே ஓடினால்தான். விளக்குதோறும் நின்று செல்லும் நகரச் சாலையில், விரைந்து வந்தவர் ஈட்டிய நொடிகளிற் பெரும்பகுதி அடுத்த சிவப்பு விளக்கின்முன் காத்திருப்பதிலேயே கரைந்துவிடுகிறது.