டேலியாச் செடிக்கு முட்டுக் கொடுத்தல்

டேலியா, மெக்சிகோவையும் நடு அமெரிக்க மலைப்பகுதிகளையும் தாயகமாகக் கொண்ட கிழங்குச் செடி. சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் ஆண்டர்ஸ் டாலின் நினைவாக 1791இல் இதற்கு இப்பெயர் இடப்பட்டது. 1963 முதல் மெக்சிகோவின் தேசிய மலரும் இதுவே. தமிழ்நாட்டில் உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்களில் நன்றாக வளர்கிறது. சமவெளியில் குளிர்காலத்தில் தொட்டிகளில் பூக்க வைப்பவர்களும் உண்டு.

உயரமான வகைகள் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். தண்டு பார்வைக்குத் தடிமனாகத் தெரிந்தாலும் உள்ளே வெறும் குழல்தான். பெரும்பூ வகைகளில் ஒரு பூவே 25 செ.மீ. அகலம் வரை விரியும். அடுக்கிதழ்களுக்கு இடையே மழைநீர் தங்கினால் பூவின் பாரம் கூடித் தலை சாயும். காற்றும் சேர்ந்தால் தண்டு முறிந்துவிடும். முறிந்த கிளையில் உள்ள மொட்டுகள் எல்லாம் வீணாகும்.

பலரும் செடி சாய்ந்த பிறகே குச்சி தேடுகிறார்கள். அப்போது கழியை ஊன்றினால் மண்ணுக்குள் பரவியிருக்கும் கிழங்கைக் குத்திவிடும். காயம்பட்ட கிழங்கு எளிதில் அழுகும். கிழங்கை நடும் நாளிலேயே முதலில் கழியை ஊன்றி, அதன் அருகில் கிழங்கை வைப்பதே சரியான முறை. சுமார் 150 செ.மீ. நீளமுள்ள சவுக்குக் கழியோ மூங்கில் பிளாச்சோ போதும். அதில் 30 செ.மீ. மண்ணுக்குள் இறங்க வேண்டும். தொட்டியில் அவ்வளவு ஆழம் கிடைக்காது. அங்கே விளிம்பை ஒட்டி மூன்று குச்சிகளை நட்டு, சுற்றிலும் கயிறு கட்டலாம்.

கட்டுவதற்கு வாழைநார் அல்லது பழைய வேட்டிக் கிழிசல் நல்லது. கம்பி கூடவே கூடாது, தண்டை அறுத்துவிடும். கழிக்கும் தண்டுக்கும் நடுவே கயிற்றைக் குறுக்கிட்டு, 8 என்ற எண்ணின் வடிவில் கட்ட வேண்டும். தண்டு பருக்க இடம் விட்டு, ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும். செடி ஒரு சாண் வளரும்போதெல்லாம் மேலே இன்னொரு கட்டுப் போட வேண்டும்.

நான்கு இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளினால் செடி பக்கக் கிளைவிட்டுக் குட்டையாகும். தழைச்சத்து மிகுந்தாலும் நிழலில் வளர்ந்தாலும் தண்டு மெலிந்து நீளும். அத்தகைய செடிக்கு முட்டு மட்டும் போதாது. நண்பகலில் இலைகள் துவண்டு மாலையில் நிமிர்ந்தால் அது வெயிலின் வாட்டம், பாரம் அன்று.

இன்னொன்று, சிறுவர்கள் நடமாடும் வீட்டில் மிக முக்கியமானது. பூவைப் பார்க்கக் குனிபவரின் கண்ணில் கழிமுனை குத்தக்கூடும். ஒவ்வொரு கழியின் தலையிலும் ஒரு சிறு கொட்டாங்குச்சியைக் கவிழ்த்துக் கட்டிவிடுங்கள்.