உளமுதிர்ச்சியும் இழந்த காணியும்

வேளாண்மை விளைந்துவிட்டதா என்று கதிரின் நிறத்தை மட்டும் பார்த்து நாம் முடிவுசெய்வதில்லை. மணியை நகத்தால் கிள்ளிப் பார்க்கிறோம். வெளியே பொன்னிறமாயிருந்து உள்ளே பதராய்ப் போனதும் உண்டு. மனிதருடைய முதிர்ச்சியும் அப்படித்தான். தலைநரையோ, படிப்போ, ஊரில் உள்ள மதிப்போ அதற்கு உத்தரவாதம் ஆகாது.

அழாதவரும் கோபப்படாதவருமே முதிர்ந்தவர் என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரையோரங்களில் அதன்பின் கடலிரைச்சல் கேட்டாலே உறக்கம் கலைந்தவர்கள் எத்தனையோ பேர். அது பலவீனமன்று, காயம். அமெரிக்க உளவியலாளர் கோடன் ஒல்போட் 1961இல் எழுதிய நூலில் முதிர்ந்த ஆளுமைக்கு ஆறு அடையாளங்கள் கூறுகிறார். அவற்றில் ஒன்று, தன் உணர்ச்சிகளைத் தன்னுடையவை என்று ஏற்றுக்கொண்டு, அவற்றுக்கு அடிமையாகாமல் நடப்பது. உணர்ச்சியே இல்லாதிருப்பதை அவர் முதிர்ச்சி என்று சொல்லவில்லை.

அப்படியானால் மணியை எங்கே கிள்ளிப் பார்ப்பது? கோபம் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள்.

காணி பறிபோன ஒருவர் காலையில் பஸ் ஏறிக் கச்சேரிக்குப் போகிறார். வெயிலில் காத்து நிற்கிறார். “அடுத்த மாதம் வாருங்கள்” என்ற பதிலோடு திரும்புகிறார. கந்தோரில் வாய் திறக்கவில்லை. வீட்டில் சோற்றில் உப்புக் குறைந்ததென்று கோப்பையைத் தள்ளுகிறார். குறுக்கே வந்த பிள்ளைக்கு அடி விழுகிறது. உளவியலில் இதற்கு வழங்கும் ஆங்கிலச் சொல், மக்கள் ஊர்விட்டு இடம்பெயர்வதைக் குறிக்கும் அதே சொல்தான். நாம் இடம்பெயர்ந்தோம், நம்மோடு கோபமும் இடம்பெயர்ந்தது. வரவேண்டிய இடத்துக்கு வராமல், எதிர்த்துப் பேச முடியாதவர் தலையில் போய் இறங்கிவிட்டது. அந்தப் பிள்ளைக்குக் காணி விவகாரம் என்ன தெரியும்?

ஊர்களுக்கிடையிலும் இதுவே நடக்கிறது. வட்டமடுவை எடுத்துக்கொள்வோம். அது மேய்ச்சல் தரை என்று கால்நடை வளர்ப்போர், பெரும்பாலும் தமிழர், சொன்னார்கள். நாங்கள் வேளாண்மை செய்த காணி என்று விவசாயிகள், பெரும்பாலும் முஸ்லிம்கள், சொன்னார்கள். வன இலாகாவோ அதைக் காடு என்றது. போர்க்காலத்தில் அங்கு போய்வருவதே இரு சாராருக்கும் ஆபத்தாயிருந்தது. ஒரே நிலத்துக்கு அரசின் வெவ்வேறு கைகள் வெவ்வேறு பெயர் வைத்திருக்க, மாட்டுக்காரரும் வயற்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நிற்பதை என்னவென்பது? உள்ளதை உள்ளபடி காணும் திறனையும் ஒல்போட் முதிர்ச்சியின் அடையாளமாகக் கூறுகிறார். எதிரே நிற்பவருக்கும் ஒரு இழப்பு உண்டு என்று காண்பதால் நம் உரிமை குறைந்துவிடாது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். முதிர்ச்சி என்ற பெயரில் ஏழைகளை வாய்மூடச் செய்வதும் நடக்கிறது. நுரைச்சோலையில் சவூதி உதவியுடன் சுனாமிக் குடும்பங்களுக்காகக் கட்டப்பட்ட 500 வீடுகள், வழக்கும் சர்ச்சையுமாய் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. காடு மண்டிக் கூரைகள் பழுதாயின. காத்திருந்தவர்களிடம் பொறுமை பேசுவது எளிது. முஸ்லிம் சகோதரர்கள் ‘சபுர்’ என்று சொல்லும் பொறுமை, கையைக் கட்டிக்கொண்டு இருப்பதன்று, நிலைகுலையாமல் நிற்பது. மனு எழுதுவதும், திகதி தவறாமல் போய்க் கேட்பதும், பதிலை எழுத்தில் தரும்படி கேட்பதும் அதற்குள் அடங்கும். கோபத்துக்கு அதுதான் சரியான வாய்க்கால்.

பெரியவர்களுக்கு முந்திச் சிறுவர்கள் இதைக் கற்றதும் உண்டு. 1996இல், போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மட்டக்களப்பில் யேசு சபையினரின் ஆதரவோடு ‘வண்ணத்துப்பூச்சிப் பூங்கா’ தொடங்கப்பட்டது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் ஒன்றாக அங்கே வந்தனர். யாரும் அவர்களுக்குச் சமாதானப் பிரசங்கம் செய்யவில்லை. களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டி நடித்தார்கள். வெளியே சொல்லமுடியாத பயம் களிமண்ணில் வெளிவந்தது. பக்கத்தில் இருந்த பிள்ளையின் களிமண்ணிலும் அதே பயம் இருந்தது.

நம் குடும்பங்களில் செய்யக்கூடியது சிறிதே. கச்சேரியிலிருந்து திரும்பும் நாளில், சோற்றுக்கு உட்காருமுன் நடந்ததை மனைவியிடமோ, மூத்த பிள்ளையிடமோ, மச்சானிடமோ சொல்லிவிடுங்கள். “இன்றைக்கு எனக்கு அவமானமாய்ப் போயிற்று” என்று ஒரு ஆண்பிள்ளை சொல்ல முடிந்தால், அன்று அந்த வீட்டில் கோப்பை பறக்காது. தன்னைப் பார்த்துச் சற்றுச் சிரிக்கத் தெரிந்தவருக்கு இது இன்னும் எளிது. ஒல்போட்டின் ஆறில் அதுவும் இடம்பெறுகிறது.

உத்தரவுப்பத்திரம் தொலைந்த குடும்பங்கள் இன்னொன்றையும் யோசிக்கலாம். காணி விசாரணையில் கடிதம் இல்லாதபோது கேட்கப்படுவது, “உங்கள் வரம்புக்கு அடுத்த வரம்பு யாருடையது?” என்பதே. எத்தனை போகம் நீங்கள் அங்கு விதைத்தீர்கள், எந்த மதகிலிருந்து தண்ணீர் எடுத்தீர்கள் என்பது அவருக்குத் தெரியும். பல வட்டைகளில் அவர் மற்றச் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்துவிட்டீர்களா?