ஃப்ளைட் 1½ மணி நேரம், பயணம் 8 மணி நேரம்!

பிளேஸ்மென்ட் சீசன் வருது. சென்னைல இன்டர்வியூன்னு மெயில் வந்ததும் நம்மள்ல பலர் கூகுள்ல தட்டுறது, "தூத்துக்குடி டு சென்னை ஃப்ளைட் டைம்". 1½ மணி நேரம்னு காட்டும். நானும் அதை நம்பினேன். என்ன ஆச்சுன்னு கடைசில சொல்றேன். முதல்ல கணக்கு.

தூத்துக்குடி விமான நிலையம் வாகைக்குளத்துல இருக்கு: 8.72 டிகிரி வடக்கு, 78.03 கிழக்கு. சென்னை விமான நிலையம் 12.99 வடக்கு, 80.18 கிழக்கு. அட்சரேகைல 1 டிகிரி சுமார் 111 கி.மீ. அப்போ வடக்கு நோக்கி 4.27 × 111 = 474 கி.மீ. தீர்க்கரேகைக்கு மட்டும் காஸ் மதிப்பால பெருக்கணும், ஏன்னா துருவம் பக்கம் போகப் போக கோடுகள் நெருங்கும். 2.15 × 111 × 0.98 = 234 கி.மீ. இனி நம்ம பழைய பித்தாகரஸ் தேற்றம்தான். விடை சுமார் 530 கி.மீ. தூரம் கம்மிங்கிறதால பூமியோட வளைவு இதுல பெருசா வித்தியாசம் காட்டாது.

ஏடிஆர் 72 மாதிரி ப்ரொப்பெல்லர் விமானம் மணிக்கு சுமார் 500 கி.மீ. வேகத்துல பறக்கும். 530-ஐ வகுத்தா 64 நிமிஷம். அப்புறம் ஏன் 1½ மணி நேரம்? டிக்கெட்ல போடுற நேரம் கேட்ல இருந்து கேட் வரைக்கும். ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, மேலே ஏறுறப்பவும் இறங்குறப்பவும் வேகம் குறையறது, சென்னை வானத்துல வரிசைல காத்திருக்கிறது எல்லாம் அதுல சேரும்.

வாகைக்குளத்துல முன்னாடி ரன்வே நீளம் 1,350 மீட்டர்தான். இப்போ 3,115 மீட்டர். 2025 ஜூலைல புது டெர்மினலும் திறந்தாச்சு. பெரிய ஜெட்டும் இறங்கலாம். மணிக்கு 830 கி.மீ. வேகத்துல போனா 530 கி.மீ.க்கு 38 நிமிஷம். மிச்சம் 26 நிமிஷம்!

சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி முழு பயணத்தையும் கூட்டிப் பாருங்க. ஆய்க்குடில இருந்து தென்காசி, திருநெல்வேலி, வாகைக்குளம்னு பஸ் மாறிப் போக, காத்திருக்கிற நேரத்தோட 3½ மணி நேரம். செக்-இன் கவுன்ட்டர் பொதுவா 1 மணி நேரம் முன்னாடியே மூடிடும், அதனால 1½ மணி நேரம் முன்னாடி போகணும். பறக்க 1½. சென்னைல வெளிய வந்து, மெட்ரோ பிடிச்சு, கம்பெனி வாசலுக்குப் போக இன்னொரு 1½. மொத்தம் 8 மணி நேரம்.

சிஎஸ்இ பசங்களுக்கு ஆம்டால் விதி ஞாபகம் வருதா? ஒரு ப்ரோக்ராம்ல சின்ன பகுதியை மட்டும் எவ்வளவு வேகமாக்கினாலும் மொத்த நேரம் பெருசா குறையாது. இங்கயும் அதே கதைதான். 8 மணி நேரத்துல 26 நிமிஷம் எம்மாத்திரம்? திருநெல்வேலி பஸ் ஒண்ணைத் தவறவிட்டாலே அது போச்சு.

பொதிகை எக்ஸ்பிரஸ்ல தென்காசில சாயங்காலம் ஏறினா சுமார் 11 மணி நேரம். ஆனா அது ராத்திரி நேரம். தூங்கி எழுந்தா சென்னை.

இப்போ என் கதை. மதியம் 1 மணிக்கு இன்டர்வியூ. காலைல கிளம்பினா போதும்னு நெனச்சேன். போய்ச் சேர்ந்தப்போ மணி 2. ஃப்ளைட் சரியான நேரத்துக்குத்தான் இறங்குச்சு, என் கணக்குதான் லேட். அந்த கம்பெனில இருந்து மறுபடி கூப்பிடவே இல்ல.

அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி உங்க ஹாஸ்டல் வாசல்ல இருந்து கணக்கு போடுங்க. மதியம் இன்டர்வியூன்னா முந்தின நாளே கிளம்புங்க. ஆல் தி பெஸ்ட்!