ஐந்நூறு கட்டை, முப்பது வருஷ அரியர்ஸ்!

ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டை டேனரியிலோ அக்கவுண்ட்ஸ் எழுதும் அன்பர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும். பெரியவர் அவசரமாக ஸ்டேட்மென்ட் கேட்பார். விடிய விடிய முடித்துக்கொண்டு போனால், 'அவர் மாறிப் போயாச்சே சார்!' என்பார்கள். உங்களுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. பெயர் கிந்துப். சிக்கிம்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவர்.

1802-ல் சென்னை பரங்கிமலை அருகே லாம்டன் தொடங்கிய சர்வே, இமயமலை வரை போய் நின்றது. அப்பால் திபெத். வெள்ளைக்காரருக்கு அனுமதி இல்லை. எனவே மலைநாட்டு ஆட்களை யாத்ரீகர் வேஷத்தில் அனுப்பினார்கள். அவர்கள் காலடியை எண்ணியே தூரம் அளந்தார்கள். ஜபமாலையில் 108-க்குப் பதில் 100 மணி. நூறு அடிக்கு ஒரு மணி தள்ள வேண்டும்!

மேப்பில் ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. திபெத்தில் ஓடும் சாங்போ மலைக்குள் புகுந்து மறைகிறது. அஸ்ஸாமில் பிரம்மபுத்திரா வருகிறது. இரண்டும் ஒரே ஆறா? கேப்டன் ஹார்மன் ஒரு வழி சொன்னார். அடையாளமிட்ட 500 கட்டைகளை, நாளைக்கு 50 வீதம் மேலே ஆற்றில் விட வேண்டும். கீழே ஆள் வைத்துப் பார்ப்பது. (நம்ம பாலாற்றில் விட்டால் பாதி வருஷம் கட்டை போட்ட இடத்திலேயே கிடக்கும்!)

1880-ல் ஒரு லாமாவுக்குத் துணையாகக் கிந்துப் கிளம்பினார். லாமா என்ன செய்தார் தெரியுமோ? கிந்துப்பை அடிமையாக விற்றுவிட்டு நடையைக் கட்டினார்!

கிந்துப் தப்பி ஓடி ஒரு மடத்தில் புகுந்தார். அங்கேயும் அடிமை வேலைதான். 'யாத்திரை' என்று லீவு வாங்கி, 500 கட்டைகளை வெட்டி ஒளித்து வைத்தார். மறுபடி லீவு. லாசா போய், கட்டை விடும் தேதியைக் கடிதமாக எழுதச் செய்து அனுப்பினார். அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? மனுஷன் மடத்துக்கே திரும்பி, மாதக்கணக்கில் உழைத்து, சொன்னபடி பத்து நாளில் அத்தனை கட்டைகளையும் விட்டார்.

கீழே ஒருவரும் இல்லை. கடிதம் போய்ச் சேரவில்லை. ஹார்மன் உடம்புக்கு முடியாமல் இந்தியாவை விட்டே போயிருந்தார்.

1884-ல் திரும்பிய கிந்துப் வழியெல்லாம் சொன்னார். பலர் நம்பவில்லை. 1913-ல் பெய்லி, மோர்ஸ்ஹெட் என்ற அதிகாரிகள் அந்தப் பள்ளத்தாக்கில் நடந்து பார்த்தபோது, அவர் நினைவிலிருந்து சொன்னது பெரும்பாலும் சரி என்று தெரிந்தது. இரண்டும் ஒரே ஆறுதான்.

டார்ஜிலிங்கில் தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த கிழவரை 1914-ல் சிம்லாவுக்கு அழைத்து ஆயிரம் ரூபாய் கொடுத்தார்கள். முப்பது வருஷ அரியர்ஸ்!

உங்கள் ஸ்டேட்மென்ட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். ஃபைலில் இருக்கட்டும்.