திருநர் மாணவர்களும் பள்ளி விளையாட்டும்: இரு பக்கத்தையும் அறிவோம்

வகுப்பில் இந்தத் தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம், "பாவம், விளையாட விடுங்களேன்" என்பார்கள். மறுபக்கம், "அது மற்ற மாணவிகளுக்கு நியாயமா?" என்பார்கள். கருத்துவிளக்கக் கட்டுரைக்கு இவ்வளவு மட்டும் போதாது, இல்லையா?

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக் கொள்வோம். பிறப்பில் பதிவான பாலினமும் தாம் உணரும் பாலினமும் வேறாக இருப்பவர் திருநர். ஆணாகப் பதிவாகிப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண்ணாகப் பதிவாகி ஆணாக வாழ்பவர் திருநம்பி. விவாதம் பெரும்பாலும் திருநங்கை மாணவிகளைப் பற்றியது.

காரணம் என்ன? பருவமடையும் முன் சிறுவர் சிறுமியரின் ஓட்டத் திறனில் பெரிய வேறுபாடு இல்லை. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் கூடும்போதுதான் ஆண் உடலில் உயரமும் தசை வலிமையும் மளமளவென்று ஏறுகின்றன. பெண்களுக்குத் தனிப் பிரிவு இருப்பதே இதனால்தான். ஆணாகப் பருவமடைந்த திருநங்கைகளை அனைத்துலகப் பெண்கள் போட்டிகளில் சேர்ப்பதில்லை என்று உலகத் தடகள அமைப்பு 2023-இல் முடிவெடுத்தது. ஆகவே, நியாயம் பற்றிய கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால், பள்ளித் திடல் அனைத்துலக அரங்கம் அல்லவே! பிள்ளைகள் அங்கே உடல்நலத்துக்காகவும் நண்பர்களுக்காகவும்தான் அதிகம் போகிறார்கள்.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. கலிபோர்னியாவில் 2014-இல் நடப்புக்கு வந்த சட்டம், மாணவர் தாம் உணரும் பாலினத்துக்கேற்ற அணியில் சேர வழிவிட்டது. ஐடஹோ 2020-இல் தடைச் சட்டம் இயற்றிய முதல் மாநிலமானது.

யூட்டா மாநிலத்தில் நடந்ததைச் சற்று விரிவாகப் பார்ப்போம். 2022 மார்ச்சில் அங்கும் தடைச் சட்டம் நிறைவேறியது. ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ் அதை ஏற்க மறுத்தார். அவர் காட்டிய கணக்கு இது: உயர்நிலைப்பள்ளி விளையாட்டில் 75,000 மாணவர்கள், அவர்களில் திருநர் 4 பேர், பெண்கள் அணியில் இருந்தவர் ஒரே ஒருவர். சில நாள்களிலேயே சட்டமன்றம் அவருடைய மறுப்பைத் தள்ளிவிட்டது.

அதே ஆண்டு இன்னொரு செய்தியும் வெளிவந்தது. ஒரு போட்டியில் மாணவி ஒருத்தி முதலிடம் பெற்றாள். இரண்டாம், மூன்றாம் இடம் பெற்றவர்களின் பெற்றோர், "அவள் பெண்தானா?" என்று புகார் செய்தார்கள். அவளுக்கே தெரியாமல் பாலர்பள்ளி வரையிலான பதிவுகள் துருவப்பட்டன. எல்லாவற்றிலும் பெண் என்றே இருந்தது! ஒருவரைத் தடுக்கப் போய், நன்றாக ஓடும் எந்தப் பெண்ணையும் சந்தேகிக்கும் நிலை வந்துவிட்டது. அந்த ஆகஸ்டில் நீதிமன்றம் தடையை நிறுத்திவைத்தது. ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே ஆராயும் பொறுப்பு ஒரு குழுவிடம் சென்றது.

மாணவர்களே, எழுதும்போது இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த வயது? எந்த விளையாட்டு? எந்த நிலைப் போட்டி? விதியை எப்படிச் சோதிப்பார்கள்? பதில் மாறினால் உங்கள் முடிவும் மாறலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். விவாதம் சூடாகும்போது யாராவது கேலி செய்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் பிள்ளை நம் வகுப்பிலேயே வாய்திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம்.